நாலு நிமிஷ மாடம்

செம்பூர் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் இருந்த அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. ஓடாது. மூன்று மாடி ஏறுவதற்குள் பூதத்தானின் வலது முழங்கால் இரண்டு தடவை மடங்கப் பார்த்தது. இருபத்திரண்டு வருஷம் வடாலா கிட்டங்கியில் மூட்டை சுமந்த முழங்கால். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் துப்பறிய வந்தால் இங்கேயும் படிதான்.

"உக்காந்து ஏறுங்க அண்ணாச்சி," என்றாள் பின்னால் வந்த ஷரீஃபுன்னிசா.

"உக்காந்து எப்படி ஏற?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு உங்ககிட்ட வேல பாக்கேன்?"

தாராவியில் ஒரு தகரப் பலகை, ஒரு மேஜை, இந்த இரண்டு பேர். அவ்வளவுதான் பூதத்தான் விசாரணை நிலையம். ஷரீஃபுன்னிசா பதினைந்து வருஷம் தோல் பை தைக்கும் மெஷினில் உட்கார்ந்தவள். ஊசி போன வேகத்தில் நாக்கும் போகப் பழகிவிட்டது.

நேற்று சாயங்காலம் மாலதி என்ற பெண் வந்து அழுதாள். முப்பத்தெட்டு வயது, தாராவியில் முறுக்குப் போட்டு விற்கிறவள். அவளுடைய தம்பி வேல்ராஜ், இருபத்தெட்டு வயது, போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெளியே போனவன் திரும்பவில்லை. போனும் அவனோடு போய்விட்டது, அடித்தால் எடுப்பதில்லை என்றாள். இன்று வியாழன். ஒன்பது நாள். போலீஸ் ஒரு நாள் தேடிவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டது. காரணம் இந்த மூன்றாம் மாடியில் இருந்தது.

"வேல்ராஜ் காணாமப் போகலை சார்," என்றான் வெங்கி. மாட்டுங்கா வீட்டுப் பிள்ளை, முப்பது வயது, இந்தச் சின்னக் கம்பெனிக்கு முதலாளி. கம்ப்யூட்டர் திரையைப் பூதத்தான் பக்கம் திருப்பினான். "இதோ பாருங்கோ. இன்னிக்குக் கார்த்தால அஞ்சு பத்துக்கு அவன் போன்லேர்ந்து ஒரு பேட்ச் வந்திருக்கு. நேத்திக்கு நாலு. முந்தாநாள் நாலு. போலீஸ் போன் பண்ணினப்பவும் இதைத்தான் சொன்னேன். எங்கயோ உக்காந்து ஜாலியா வேலை பண்ணிண்டிருக்கான். ஆத்துல ஏதோ சண்டை."

"என்ன வேலை தம்பி அது?"

"கேம். கோட்டை ஓட்டம்னு பேரு. போன்ல ஆடறது. ஒரு குட்டி மனுஷன் விளக்கைத் தூக்கிண்டு கோட்டைக்குள்ள ஓடுவான். பள்ளம், ஈட்டி, வௌவால் எல்லாம் வரும். விளக்கு அணையாம கடைசி வாசலுக்குப் போகணும். ஒவ்வொரு கோட்டையும் புதுசா இருக்கணும் சார். இல்லேன்னா ரெண்டே நாள்ல ஜனங்களுக்கு போர் அடிச்சுடும்."

"அந்தக் கோட்டைய எல்லாம் வேல்ராஜ் வரையுதானா?"

"யாரும் வரையறதில்லை. வளர்றது."

"எங்க ஏரியாவுலயும் வீடு தானா வளரும்," என்றாள் ஷரீஃபுன்னிசா. "முனிசிபாலிட்டிக்காரன் வந்து வெட்டி விட்டுட்டுப் போவான்."

வெங்கி சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் அவன் கை கால் எல்லாம் பேசியது. மெஷின் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது கோட்டை போடும். வேல்ராஜ் நாற்பதையும் ஆடிப் பார்ப்பான். கடைசிவரை ஆடி, மறுபடியும் ஆடத் தோன்றிய கோட்டைகள் பிழைக்கும். பாதியில் விட்டவை சாகும். பிழைத்ததில் இரண்டு இரண்டாகச் சேர்த்து, இதில் பாதி அதில் பாதி எடுத்து, நடுவில் கொஞ்சம் கிறுக்குத்தனமும் கலந்து மெஷின் அடுத்த நாற்பதைப் பெற்றுப் போடும். ஒரு தலைமுறையை ஆடி அனுப்பினால் ஒரு பேட்ச், ஒரு நாளைக்கு நாலு. நூறு தலைமுறை தாண்டினால் எந்த மனுஷனும் யோசித்திருக்க முடியாத கோட்டை வந்து நிற்கும்.

"கொரங்குலேர்ந்து நாம வந்தோமில்லையா, அதே ரூட்," என்றான்.

"ஆட்டுக்காரன் கெடா பாத்துச் சேக்குற மாதிரி," என்றாள் ஷரீஃபுன்னிசா.

"எக்ஸாக்ட்லி மேடம்."

பூதத்தான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆட்டுக்காரனுக்கு எது பிடிக்குமோ அதுதான் மந்தையில நிக்கும். இல்லையா தம்பி? அப்ப மந்தைய பாத்தா ஆட்டுக்காரனச் சொல்லலாம்."

வெங்கிக்கு அந்தப் பேச்சு பிடிபடவில்லை.

"அவன் முகத்த கடைசியா எப்ப பாத்த?"

"மூணு வாரம் இருக்கும். போன செவ்வாய்க்கிழமை நைட் எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். புது அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட. வரலை. மறுநாள் கார்த்தால பேட்ச் வந்துடுத்து. ஏன் வரலைன்னு மெசேஜ் போட்டேன். 'ஓகே சார்'னு பதில். அவன் எப்பவுமே அவ்வளவுதான் பேசுவான்."

"எட்டு மணிக்கு வரச் சொன்னத போலீசுல சொன்னியா?"

"அவா கேக்கலை."

பூதத்தான் ஒரு நாற்காலியை இழுத்து ஷரீஃபுன்னிசாவை உட்காரச் சொன்னார். வேல்ராஜ் காணாமல் போவதற்கு முந்தின வாரக் கோட்டைகளையும் இந்த ஒன்பது நாள் கோட்டைகளையும் அவள் போனில் ஏற்றித் தரச் சொன்னார். அவள் ஆடினாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. அவள் கைகளைப் பார்த்தார். இடது கட்டைவிரல் அழுத்தினால் குட்டி மனுஷன் ஓடுவான். வலது கட்டைவிரல் அழுத்தினால் தாவுவான்.

பழைய கோட்டையில் அவளுடைய வலது விரல் சும்மா கிடந்தது. ஓட்டம், குனிவு, திருப்பம், எல்லாம் இடது கை வேலை. எப்போதாவது ஒரு தாவல், அதுவும் மெதுவாக.

"இப்ப நேத்து வந்தத ஆடு."

நேற்றைய கோட்டையில் வலது விரல் தந்தியடித்தது. தாவல் மேல் தாவல். ஷரீஃபுன்னிசா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "யா அல்லா, இது கோட்டையா தையல் மெஷினா?"

"நாள் வரிசையா ஆடு."

செவ்வாய் மத்தியானம் வரை வலது விரலுக்கு வேலை இல்லை. புதனன்று இரண்டு தாவல் கூடியது. வெள்ளிக்கிழமை பத்து. அப்புறம் நிற்கவே இல்லை.

பூதத்தான் சட்டைப் பையிலிருந்து மாலதி கொடுத்த போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். யாருடைய கல்யாணத்திலோ வேல்ராஜ் நாற்காலி முதுகில் கை வைத்து நிற்கிறான். அந்த வலது கையில் கட்டைவிரல் பாதியோடு முடிந்திருந்தது.

"பதினேழு வயசுல தோல் அமுக்குற மெஷின்ல போயிருச்சுன்னு அவங்க அக்கா சொன்னா. இந்த விரல வச்சி வேகமா தாவ முடியாது. தாவச் சொல்லுத கோட்டைய அவன் பாதியில விட்டிருப்பான். அதுனால அவன் மந்தையில தாவல் வளரல."

ஷரீஃபுன்னிசா போனைக் கீழே வைத்தாள். "தேஞ்ச செருப்ப கையில குடுத்தா எந்தக் கால ஊனி நடந்தான்னு நான் சொல்லிருவேன். அது மாதிரி."

"புதன்கிழமையிலேருந்து வேற கால்," என்றார் பூதத்தான்.

வெங்கி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். "அப்ப எனக்கு டெய்லி அனுப்பறது யாரு?"

"அதான் கேள்வி. போனு யாரு கையில இருக்கோ அவங்களுக்கு வேல்ராஜு எங்கன்னு தெரியும். ஒம்பது நாளா அவன் அதைத் தொடல. அவன் உயிரோட இருக்கான்னு நீ போலீசுக்குக் காட்டின சாட்சி, அவனோடது இல்ல."

வெங்கி எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். "சார், எங்க ரூல் அப்படி. ரெண்டு நாள் பேட்ச் வரலைன்னா அக்கவுண்ட்டை மூடிட்டு வேற ஆளைப் போட்டுடுவோம். வந்துண்டே இருந்துது. நான் என்னன்னு சந்தேகப்படறது?"

படி இறங்கும்போது ஷரீஃபுன்னிசா கேட்டாள். "இவன்தான்னு முடிச்சிரலாமா அண்ணாச்சி? இனிம ஒரு படி ஏற வேண்டாம்."

"இவன் ஆளு இல்ல. திருடின ஆட்ட எவனாவது தானே பட்டியத் தொறந்து காட்டுவானா? நாம கேட்டதும் எல்லாக் கோட்டையும் எடுத்துக் குடுத்துட்டான்."

பஸ் பிடித்து மாட்டுங்காவில் இறங்கியபோது மணி ஒன்றரை. பசியோடு யோசிப்பதில்லை என்பது பூதத்தானின் கிட்டங்கிக் காலத்துப் பழக்கம். அந்த ஹோட்டலில் சாப்பிடுகிறவன் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவன் நிற்பான். இலையில் மோர் விழுந்ததும் முதுகில் மூச்சு விழும்.

ஷரீஃபுன்னிசா போனை விடவில்லை. நேற்றைய கோட்டையில் பாதி தூரம் போயிருந்தாள். சர்வர் வடைத் தட்டை அவள் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றான்.

"வடை வேணுமா, விளையாட்டு வேணுமா மேடம்?"

போனைக் கவிழ்க்காமல் மேஜையில் வைத்துவிட்டு வடையை எடுத்தாள். பாதி வடை உள்ளே போன பிறகு திரையைப் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி. இது சாவல."

"எது?"

"இந்தக் குட்டிப் பய. இவ்வளவு நேரம் கை எடுத்தா வௌவால் வந்து வெளக்க அணைச்சிருக்கணும். பழைய கோட்டையில சும்மா நின்னா மூணு எண்ணுறதுக்குள்ள மவுத். இங்க நிக்கான் பாருங்க, கல்லு மாதிரி."

பூதத்தான் குனிந்து பார்த்தார். சுவரில் விளக்கு வைக்கும் மாடம் போல ஒரு குழிவு. மேலே ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. குட்டி மனுஷன் அதற்குள் விளக்கோடு நின்றான். வௌவால்கள் வெளியே சுற்றின. ஒன்றும் உள்ளே நுழையவில்லை.

"இன்னும் போ. இது மாதிரி வேற வருதான்னு பாரு."

அவள் ஆடினாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிஷம் போனதும் இன்னொரு மாடம். மறுபடி நாலு நிமிஷம், மறுபடி ஒரு மாடம். வேறு கோட்டையை எடுத்தாள். அதிலும் அப்படியே. நாள் வரிசையாகப் பின்னால் போனால் மாடம் சின்னதாகிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமைக் கோட்டையில் சுவரில் ஒரு நெளிசல் மட்டும். புதனன்று அதுவும் இல்லை.

"இத வரைஞ்சது யாரும் இல்ல," என்றார் பூதத்தான். சோற்றில் அவர் கை நின்றுவிட்டது. "போன வச்சிருக்கிற ஆளு நாலு நிமிஷத்துக்கு ஒருக்க அத கீழ வைக்காரு. திரும்ப எடுக்கையில வெளக்கு அணைஞ்சிருந்தா அந்தக் கோட்டைய தள்ளிட்டு அடுத்ததுக்குப் போறாரு. அணையாம இருந்தா தொடர்ந்து ஆடுதாரு. எது பொழைக்கும்?"

"நிக்க எடம் இருக்கிறது."

"அவரு கேட்டு வாங்கல. அவருக்கே தெரிஞ்சிருக்காது. ஆனா அவரு வேலையோட அளவு அங்க பதிஞ்சு கெடக்கு. நாலு நிமிஷம்."

"சிக்னல் போலீஸ்," என்றாள் ஷரீஃபுன்னிசா.

"காலையில அஞ்சு மணிக்கு எந்த சிக்னல்ல நிக்கான்?"

"லிஃப்ட் ஆப்பரேட்டர்."

"அவனுக்கு நிமிஷக் கணக்கு கிடையாது. ஆள் வந்தா உண்டு."

"பச்சப்புள்ளைக்குப் பால் குடுக்கவ."

"நாலு நிமிஷத்துக்கு ஒருக்கவா? அது புள்ளையா, தண்ணி லாரியா?"

பின்னால் நின்ற ஆள் தொண்டையைச் செருமினார். ஷரீஃபுன்னிசா மாடத்துக்குள் நின்ற குட்டி மனுஷனைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு ஆளக் கட்டிப் போட்டுட்டு, அப்பப்ப எட்டிப் பாக்கிறவன்."

அதற்கு இரண்டு பேருமே சிரிக்கவில்லை. மோர் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டார்கள்.

மாலதியின் வீடு தாராவியில், இரண்டு ஆள் ஒதுங்கி நடக்க முடியாத சந்தில். கீழே அடுப்பும் சரக்கும், ஏணி வைத்து ஏறினால் படுக்கை. அக்காவும் தம்பியும் மட்டும்தான். கோவண்டிக்கும் நெருளுக்கும் போக வேண்டிய முறுக்குப் பொட்டலங்கள் ஏணிப்படி மேலெல்லாம் அடுக்கியிருந்தன. பெரிய வாணலியில் எண்ணெய் கொதித்தது.

"ஏதாவது தெரிஞ்சுதா அண்ணாச்சி?" மாலதி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கண் இமை வீங்கியிருந்தது.

"உக்காரு. வேலைய நிப்பாட்டாத. ரெண்டு கேள்விதான்." பூதத்தான் ஒரு தகர டின்னில் உட்கார்ந்து முழங்காலை நீட்டினார். ஷரீஃபுன்னிசா ஏணியில் சாய்ந்து இன்று காலை அஞ்சு பத்துக்கு வந்த கோட்டையை ஆட ஆரம்பித்தாள். "தம்பி போனோட பாஸ்வேர்டு யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. அவன் போன யாரையும் தொட விட மாட்டான்." மாலதி ஒரு ஈடு மாவைப் பிழிந்து எண்ணெயில் இறக்கினாள். எண்ணெய் சீறியது.

"கூட்டாளிங்க?"

"வேல, வீடு. வேற என்ன இருக்கு அவனுக்கு? யாராவது அவனப் பிடிச்சி வச்சிருக்காங்கன்னு சொல்லுதியளா?"

"அப்படித்தான் தோணுது."

அவள் உதடு கோணியது. கரண்டியை எடுத்து முறுக்கைப் புரட்டினாள், அரித்து எடுத்தாள், கூடையில் கொட்டினாள். அடுத்த ஈட்டை இறக்கினாள்.

"மாடம்," என்றாள் ஷரீஃபுன்னிசா, தலை நிமிராமல், தனக்குள்ளே.

பூதத்தான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். கம்பெனியில் யாரோடாவது தகராறா. வீட்டுக்கு யாராவது தேடி வந்தார்களா. மாலதி இல்லை இல்லை என்றாள். எண்ணெயின் சீறல் தணிந்து நுரை அடங்கியது. அவள் கை கரண்டிக்குப் போனது.

"மாடம்."

மூன்றாவது தடவை பூதத்தான் கேள்வி கேட்கவில்லை. எண்ணெயை மட்டும் பார்த்தார். சீறல், கொதி, தணிவு. நுரை ஓரத்துக்கு ஒதுங்கியது. மாலதி கரண்டியை எடுத்தாள். அதே நேரம் பின்னால் ஷரீஃபுன்னிசாவின் குரல் வந்தது, மாடம் என்று. இந்தத் தடவை சொன்னவளே தலையைத் தூக்கினாள். கரண்டியைப் பார்த்தாள். பூதத்தானைப் பார்த்தாள்.

"மாலதி. அடுப்ப அணை."

"ஈடு கெட்டுப் போகும் அண்ணாச்சி."

"கெடட்டும். அணைச்சிட்டு அந்தப் போன எடு."

மாலதி கரண்டியை வாணலி ஓரத்தில் வைத்தாள். அப்புறம் குனிந்து அடுப்பை அணைத்தாள். அரிசி மாவு டின்னைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய போனை வெளியே எடுத்தாள்.

"ஒன் தம்பிய நீயே தேடச் சொல்லிட்டு, நீயே ஒளிச்சியாக்கும்?" ஷரீஃபுன்னிசாவின் குரல் ஏறியது. "எங்களப் பாத்தா ஒனக்கு என்ன பைத்தியமாத் தெரியுதா?"

"அவ ஒளிக்கல," என்றார் பூதத்தான். "பத்லி நின்னிருக்கா."

மும்பையில் உழைத்தவனுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒருவன் காய்ச்சலில் படுத்தால் அண்ணனோ மச்சானோ அவனுக்குப் பதிலாகப் போய் நிற்பான். மேஸ்திரி முகாதம் ஆளை எண்ணுவான், முகத்தைப் பார்க்க மாட்டான். காய்ச்சல் விட்டு வருகிறவனுக்கு வேலை அப்படியே காத்திருக்கும். பூதத்தானே அண்ணனுக்கு அம்மை போட்டபோது இருபத்தோரு நாள் அவன் அட்டையில் மூட்டை தூக்கியவர்தான்.

மாலதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு நாள் சும்மா இருந்தா வேலை போயிரும்னு அவன் அடிக்கடி சொல்லுவான். ரெண்டு வருஷம் அலைஞ்சு கெடச்ச வேல அண்ணாச்சி. அன்னைக்கு ராத்திரி வரல. காலையில வந்துருவான், வந்து ஏன்க்கா ஒரு பேட்ச் தள்ளி விட்டிருக்கக் கூடாதான்னு கேப்பான்னு நெனச்சேன். அவன் கோடு போட்டுத் தொறக்கிறத நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். ஆடுனேன். அனுப்புனேன். முதலாளி என்னமோ கேட்டிருந்தாரு. மேல அவன் என்ன எழுதியிருந்தானோ அதையே பாத்து அடிச்சேன்."

"போலீசுக்குப் போனியே."

"போனேன். அவங்க கம்பெனிக்குப் போன் அடிச்சாங்க. ஒன் தம்பி இன்னைக்குக் காலையில கூட வேல அனுப்பியிருக்கான், பெரிய ஆம்பள, கோவம் தணிஞ்சா வருவான், நீ போன்னுட்டாங்க." அவள் கையில் ஒட்டிய மாவைப் பார்த்தாள். "அது நான்தான்னு சொன்னா அவன் வேல அங்கனயே போச்சு. சொல்ல வாய் வரல. அப்புறம் நாள் ஆக ஆக, சொல்ல இன்னும் வாய் வரல. உங்ககிட்ட வந்தா எப்படியாவது ஆளக் கொண்டாந்துருவீங்கன்னு வந்தேன்."

ஷரீஃபுன்னிசா ஏணியை விட்டு வந்து அவள் பக்கத்தில் குந்தினாள். திட்டத்தான் குந்தினாள் போலிருந்தது. திட்டவில்லை.

பூதத்தான் எழுந்து நின்றிருந்தார். "அழாத. பதில் சொல்லு. செவ்வாய்க்கிழமை எத்தன மணிக்குப் போனான்?"

"ஏழு அடிச்சது. போன்ல சார்ஜ் இல்ல. சார்ஜுல போட்டுட்டு, ஒரு மணி நேரத்துல வந்துருவேன்னான்."

"எங்க போறேன்னு சொன்னானா?"

"சொல்லல."

"நான் சொல்லுதேன். செம்பூரு. எட்டு மணிக்கு முதலாளி கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்தான். இவன் போய்ச் சேரல. முதலாளி ஏன்னு தேடல, ஏன்னா காலையில வேல வந்துருச்சு. கையில என்ன கொண்டு போனான்? கார்டு, பர்சு?"

"பஸ்ஸுக்கு சில்லறை. அவ்வளவுதான்."

"அப்ப இந்த ஊர்ல அவனுக்குப் பேரே இல்ல," என்றார் பூதத்தான். "ஏழுலேருந்து எட்டு. இங்கருந்து செம்பூரு. நடுவுல எங்கயோ பேரில்லாம விழுந்து கெடக்கான். எந்த ஆஸ்பத்திரியில போய்ப் பாத்த?"

"மொத நாள் ராத்திரி பக்கத்துல உள்ளதுல பாத்தேன். அதுக்குப் பொறவு..."

ஷரீஃபுன்னிசா அதற்குள் சந்து முனைக்கு ஓடி ஆட்டோவை மறித்துவிட்டாள்.

செம்பூர்ப் பக்கம் முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரி. ஆட்டோவில் மாலதி போனை மடியில் வைத்திருந்தாள். அது ஒரு தடவை அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. ஷரீஃபுன்னிசா இரண்டு தடவை ஏதோ சொல்ல வந்து, டிரைவரைத் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டாள்.

விசாரணை ஜன்னலில் வயதான மராட்டிக்காரர். பூதத்தான் தன் கிட்டங்கி இந்தியில் சொன்னார். போன வாரம் செவ்வாய், மங்கள்வார், சாயங்காலம் ஏழுக்கு மேல, ஆம்பளை, முப்பது வயசுக்குள்ளே, பேர் தெரியாத ஆள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். ஒன்று தடித்த பச்சை அட்டை. இன்னொன்று நீளமாக, கறுப்பு அட்டை.

"யே வார்டு கா," என்று பச்சையைத் தட்டினார், வார்டில் சேர்ந்தவர்களுடையது. கறுப்பைத் தட்டினார், என்னவென்று சொல்லவில்லை. "பஹ்லே கோன்சா தேக்கூன்?"

எதை முதலில் பார்க்க என்று கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. இந்தக் கேள்வியை நிறையப் பேரிடம் கேட்டவர் போலிருந்தது. பூதத்தான் மாலதியைப் பார்த்தார். சொல்ல வேண்டியது அவர் இல்லை.

மாலதி ஜன்னலுக்குள் கையை விட்டாள். கறுப்புப் புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், யாரும் திறந்துவிடக் கூடாது என்பதுபோல. மாவு அட்டையில் அப்பியது.

மராட்டிக்காரர் பச்சைப் புத்தகத்தைத் திறந்தார். விரலை வரி வரியாக இறக்கினார். ஒரு பக்கம் முடிந்தது. திருப்பினார். அடுத்த பக்கத்தில் பாதி வரை போன விரல் நின்றது.

"மங்கள்வார். சாத் பச்பன். ரோடு ஆக்ஸிடென்ட். அனோளகி." செவ்வாய், ஏழு ஐம்பத்தைந்து, தெரியாத ஆள். அவர் கண்ணாடிக்கு மேலே மாலதியைப் பார்த்தார். "ஜிந்தா ஹை பேட்டி. தூஸ்ரா மாலா, உன்னீஸ் நம்பர்."

உயிரோடு இருக்கிறான் என்று ஷரீஃபுன்னிசா தமிழில் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அப்போதும் மாலதியின் கையைக் கறுப்பு அட்டையிலிருந்து எடுத்துவிட வேண்டியிருந்தது.

இரண்டாவது மாடி. பத்தொன்பதாம் கட்டிலில் தலை முழுக்கக் கட்டோடு ஒருவன் கிடந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கண் திறந்திருந்தது, மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாலதி கட்டிலுக்கு மூன்றடி தள்ளி நின்றுவிட்டாள். வேல்ராஜின் கண் விசிறியை விட்டு அவளிடம் வந்தது. வந்து நின்றது. தெரிந்தவர் என்பதும் அதில் இல்லை, தெரியாதவர் என்பதும் இல்லை.

மருந்துத் தட்டோடு வந்த நர்சுக்கு நாற்பது வயதிருக்கும். பேச்சு தூத்துக்குடிப் பக்கம். சட்டையில் நஜ்முன்னிசா என்று பெயர்.

"இவருக்கு ஆள் வந்தாச்சா?" அவள் தட்டை வைத்துவிட்டு மாலதியை மேலும் கீழும் பார்த்தாள். "நேத்துதான் முழிப்பு வந்துச்சு. தண்ணின்னு கேட்டாரு. அப்பதான் தமிழாளுன்னே எங்களுக்குத் தெரியும். பேரு என்னன்னா சொல்லத் தெரியல. வீட்டுல யாரு இருக்கான்னா அதுக்கும் முழிக்காரு. கொஞ்சம் கொஞ்சமா வரும்னு டாக்டர் சொல்லுதாரு. தெரிஞ்ச முகம் பக்கத்துல இருந்தா இன்னும் வெரசா வரும், ஆனா யாரும் வரலியேன்னு நேத்துகூட வருத்தப்பட்டாரு. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"கூடப் பொறந்த அக்காவா?" நர்ஸ் கை வேலையை நிறுத்தினாள். "ஒம்பது நாளா எங்க இருந்தீங்கம்மா?"

பூதத்தான் நடுவில் புக ஒரு அடி முன்னால் வந்தார்.

"அவன் வேலைய பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் மாலதி.